கல் மேசைக்கு வரும்வரை

என் அக்கா சிரித்தால், துருப்பிடித்த கீலில் ஒரு கதவு மெல்லத் திறப்பது போலிருக்கும். சிரிப்பைக் காதால் ஒருநாளும் அறியாதவள் தானாகவே உண்டாக்கிக்கொண்ட சிரிப்பு அது. அடித்தொண்டையில் தொடங்கும், நடுவில் எங்கோ சிக்கும், பிறகு சட்டென்று மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் அம்மா உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள். அக்கா வாயைப் பொத்திக்கொள்வாள், தோள்கள் மட்டும் குலுங்கும். அவள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. முகம்கூடச் சில நாள் கலங்கித்தான் வருகிறது; சத்தம் மட்டும் கலங்கவில்லை. காலையில் காபிக்கு அடுப்பைப் பற்றவைக்கும்போது, பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, காரணமே இல்லாமல் வரும். அன்றைக்கும் வந்தது, கூடலூர் மலையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கூரைப் பள்ளியில், ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், பிஜு என்ற பையனுக்கும் ஓர் அதிகாரிக்கும் நடுவே நான் இடுங்கி உட்கார்ந்திருந்தபோது. இருபது வருஷம் இருக்கும். ஆனால் அந்த ஒரு பாடவேளை எனக்குள் முடிந்துபோன விஷயமாக இல்லை. நினைக்கத் தொடங்கினால் போதும், பெஞ்சின் ஈர மரவாசனையோடு அது மறுபடி நடக்க ஆரம்பித்துவிடுகிறது.

இதோ கல்வி அதிகாரி ஞானதுரை, ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு. சமவெளிக்காரர். வளைந்து வளைந்து ஏறிவந்த பாதையின் தலைசுற்றல் அவருக்கு இன்னும் போகவில்லை, கோட்டுப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்து மோந்து உள்ளே போட்டுக்கொள்கிறார். கெட்டவர் இல்லை. உள்ளே வந்ததும் எனக்கு வணக்கம் சொன்னார், நீங்கள் யாரம்மா என்று கேட்டார், பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்த்தவரின் மனைவி, அவர் இறந்த பிறகு பொழுது போகாமல் பாடம் தயாரிக்க உதவிக்கு வருகிறேன் என்றேன். என்ன படித்தீர்கள் என்றார். பி.ஏ. ஆங்கிலம் என்றேன். அந்தக் காலத்து பி.ஏ.வா, அப்படியானால் சரி, என்று எனக்கே ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் அவருடைய கையைப் பார்க்கிறேன். தடித்த, நகம் சீராக வெட்டிய, அமைதியான கை. அந்தக் கைதான் இன்று முடிவெழுதப் போகிறது. மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாளே, இரட்டைச் சடையில் மஞ்சள் ரிப்பன், அவள் யோகராணி. பிறந்ததிலிருந்து காது கேட்காது. காது கேட்காத பிள்ளை சாதாரண வகுப்பில் உட்கார்ந்து ஆங்கிலம் எப்படிப் படிக்கும், சமவெளியில் விடுதியோடு தனிப்பள்ளி இருக்கிறதே, அனுப்பிவிடலாமே என்று மேலிருந்து கேட்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இவர் வந்திருக்கிறார். யோகராணியின் அம்மா செல்வமலர் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்காமலேயே வராந்தாவில் நிற்கிறாள். உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே அவளுடைய நெற்றி மட்டும் தெரிகிறது, குங்குமம் வியர்வையில் கரைந்த நெற்றி, இந்தக் குளிரிலும்.

அந்தத் தனிப்பள்ளி நல்ல பள்ளி. அதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே போய்ப் படித்து நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். என் அக்காவுக்கும் அப்படி ஒரு பள்ளி இருந்தது, கன்னியாஸ்திரிகள் நடத்தியது, அப்பா நேரில் போய்ப் பார்த்துவிட்டுக்கூட வந்தார். வாசலில் வேப்பமரம் இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது என்றார். அடுத்த வருஷம் சேர்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் என்பது எங்கள் வீட்டில் ஒரு ஆளைப் போல இருந்தது, எப்போதும் வந்துகொண்டே இருக்கிற, ஒருநாளும் வந்து சேராத ஆள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பூக்கட்டினாள். நான் கல்லூரிக்குப் போனேன். விடுமுறைக்கு வந்தால் அவள் என் புத்தகத்தைத் திறந்து வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே போவாள், நான் படிக்கிற அதே வேகத்தில், பக்கம் முடிந்ததும் புரட்டுவாள். ஒரு எழுத்தும் தெரியாது அவளுக்கு. ஆக, விடுதிப் பள்ளி வேண்டாம் என்று நினைக்க நான் யார்? அக்காவுக்கு அது கிடைத்திருந்தால் என்று நாற்பது வருஷமாக நினைத்தவள், இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறேனே, இது என்ன நியாயம்? அவளுக்காகவா, எனக்காகவா? தினமும் போக ஒரு இடம் வேண்டும் என்பதற்காகவா? போதும், அங்கே போகாதே. இந்தப் பிள்ளையைக் கேட்டாயிற்று. ஆசிரியை சபூரா முந்தாநாள் கையாலேயே கேட்டாள். அங்கே நிறைய கூட்டாளிகள், அங்கே எல்லாரும் கையால் பேசுவார்கள் என்றும் ஒளிக்காமல் சொன்னாள். யோகராணி யோசித்தாள். பிறகு பெஞ்சில் தன் இடத்தைத் தட்டிக் காட்டினாள். வகுப்பைச் சுற்றி ஒரு விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள், இங்கேயும் எல்லாரும் கையால்தானே பேசுகிறார்கள் என்று. பிறகு பேச்சு முடிந்தது என்பதுபோல உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அது உண்மைதான். இந்த வகுப்பில் எல்லாரும் கையால் பேசுகிறார்கள். முதலில் யோகராணிக்காக ஆரம்பித்தது. பிறகு பார்த்தால் பிஜுவுக்கு வீட்டில் மலையாளம், கெம்பனுக்குக் குறும்பர் பாஷை, சிலோனிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் தமிழ், ஆங்கிலம் எல்லாருக்குமே அந்நியம். எல்லாருடைய காதும் ஆங்கிலத்துக்கு ஒரு மாதிரி செவிடுதான் அம்மா என்றாள் சபூரா. வாயாடி. பாடப்புத்தகத்தை என் மடியில் போட்டு, இதைச் சின்னதாக்கித் தாங்க என்றாள். கலங்கரை விளக்கத்துக் காவலாளியின் மகளைப் பற்றிய பாடம். அப்பா காய்ச்சலில் கிடக்கிறார், புயல் வருகிறது, மகள் மணியை அடிக்கிறாள், கப்பலுக்குக் கேட்கவில்லை, ஓடிப்போய் விளக்கை ஏற்றுகிறாள். நல்ல நடை, வாக்கியம் அலைபோல ஏறி ஏறி இறங்கும். இதில் கை வைக்க மனசு வரவில்லை என்றேன். சபூரா சிரித்தாள். “அம்மா, இந்த வாக்கியத்துக்குள்ள போன பிள்ளை அந்தப் பக்கமா வெளிய வர்றதுக்குள்ள பெல் அடிச்சிருவாங்க.” வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு தயங்கினேன். காற்றின் கோபத்தைப் பற்றி அரைப்பக்கத்துக்கு நீளும் ஒரு வாக்கியத்தை எடுத்து, வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்து, கடைசியில் அட்டையில் ‘பிக் விண்ட், பிக் ரெயின்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு ஏதோ ஒன்றைக் கொன்றவள்போல உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கெம்பன் அந்த அட்டையை வாங்கி, கன்னத்தை உப்பிக்கொண்டு, பிக் விண்ட் என்று ஊதினான் பாருங்கள், முன் பெஞ்சுக்காரியின் முடி பறந்தது. ஒன்றும் சாகவில்லை. வாக்கியத்திலிருந்து வெளியே வந்து வகுப்பில் வீசிக்கொண்டிருந்தது. கடலை ஒருவரும் பார்த்ததில்லை என்பதால் கொழுந்து கொட்டும் நீலத் தார்ப்பாயை விரித்து, நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து ஆட்ட, அதுதான் கடல். கவிழ்த்த பெஞ்சு கப்பல். சபூராவின் டார்ச் கலங்கரை விளக்கம். மணிக்கு, பள்ளி மணியான தண்டவாளத் துண்டையே கழற்றி வந்துவிட்டார்கள், அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தாமதமானது. அன்று வீட்டுக்கு நடக்கும்போது நான் பாடிக்கொண்டு போனேன். வழியில் யாரும் இல்லை என்று நினைத்தேன், பால்காரர் பார்த்துவிட்டார்.

இப்போது அதிகாரி தொண்டையைச் செருமுகிறார். தானே ஒரு கேள்வி கேட்பதாகச் சொல்கிறார். கேளுங்கள் என்று சபூரா மேசையருகே போய் நிற்கிறாள், மேசையில் அந்தக் கூழாங்கல் இருக்கிறது, புறாமுட்டையளவு, ஓடையில் பொறுக்கியது. இந்த வகுப்பின் சட்டம் அந்தக் கல்தான். கேள்வி கேட்டதும் கல் முதல் பெஞ்சில் கிளம்பும். கை மாறி, பெஞ்சு மாறி, கடைசி ஆள்வரை போகும். கடைசி ஆள் எழுந்து வந்து மேசையில் வைக்க வேண்டும். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது, கை தூக்கக் கூடாது, ஆசிரியையும் பேசக் கூடாது. முதலில், சட்டென்று பதில் தெரிந்த இரண்டு மூன்று பேர்தான் வகுப்பையே நடத்திக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கேள்வியைத் தங்கள் பாஷைக்குக் கொண்டுபோய்த் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். யோகராணி கேள்வியைக் கையில் பார்த்து நிமிர்வதற்குள் பதில் பழசாகிவிடும். கல் வந்த பிறகு எல்லாருக்கும் நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் வகுப்பு எப்படி இருக்கும் தெரியுமா, நெல் வேகும் பானைபோல, வெளியே சத்தமில்லாமல். வகுப்புக்குள் இருப்பவர் யாரானாலும் கல் அவர் கைக்கும் போகும். ஒருநாள் நாற்காலி சரிசெய்ய வந்த ஆசாரி கைக்குப் போய், அவர் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தார்.

“ஒய் டிட் த ஷிப் நாட் ஹியர் த பெல்?” கப்பலுக்கு மணிச்சத்தம் ஏன் கேட்கவில்லை. நல்ல கேள்விதான். சபூரா அதைக் கையால் சொல்கிறாள், உள்ளங்கை படகாகிறது, விரல் காதைத் தொடுகிறது. கல் கிளம்புகிறது. முதல் பெஞ்சு, இரண்டாவது, யோகராணி வாங்கி ஒரு கணம் உள்ளங்கையில் உருட்டிவிட்டுக் கொடுக்கிறாள், அவளுக்குத் தெரியும், அவளுக்குப் பதில் தெரியும், கடைவாயைப் பார்த்தாலே தெரிகிறது. கெம்பன், இன்னொருத்தி, பிஜு, பிஜுவிடமிருந்து என் கை. கதகதப்பாக இருக்கிறது, அத்தனை பேரின் சூடு. பழக்கதோஷத்தில் என் கை அதைப் பக்கத்திலிருப்பவருக்கு நீட்டிவிடுகிறது. ஞானதுரை கல்லைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார். பிறகு பிஜுவைப் பார்க்கிறார், பாட நேரத்தில் கல் வைத்து விளையாடுகிறாயா என்கிற பார்வை. கண்டிப்பும் நன்றியுமாக எனக்கு ஒரு தலையசைப்பு. கல் அவருடைய கோட்டுப் பைக்குள் போய்விடுகிறது.

கடவுளே. வகுப்பு மொத்தமும் திரும்பி அவருடைய பையைப் பார்க்கிறது. முன்னால் நிற்கும் சபூராவுக்குத் தெரியவில்லை, கல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். சட்டம் சட்டம்தான். அவர் காத்திருக்கிறார். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவர் கேள்வியை மறுபடி கேட்கிறார், மெதுவாக. ஒருவரும் அசையவில்லை. தமிழில் கேட்கிறார். சரி, ஷிப் என்றால் என்ன, அதையாவது சொல்லுங்கள் என்கிறார். முப்பது வாய் இறுக மூடிக்கிடக்கிறது. இப்படி ஒரு மக்கு வகுப்பை நான் பார்த்ததில்லை என்று அவர் மனசுக்குள் எழுதுவது எனக்குக் கேட்கிறது. காது கேட்கும் பிள்ளைகளுக்கே ஷிப் தெரியவில்லை, பாவம் அந்தக் குழந்தை. பேனாவைத் திறக்கிறார். ஜன்னலில் செல்வமலரின் நெற்றி கம்பியோடு ஒட்டிக்கொள்கிறது. சொல்லிவிடு, சொல்ல ஒரு நொடி ஆகாது, ஆனால் நானும் இந்த வகுப்பு, கல் என் கையிலிருந்து போன பின் நான் எப்படி, பைத்தியமே, ஒரு பிள்ளையின் வாழ்க்கை, இப்போதா சட்டம்? அவர் பக்கம் சாய்கிறேன். சார், அந்தக் கல், என்று தொடங்குகிறேன். யோகராணியின் உள்ளங்கை பெஞ்சின்மேல் பதிந்திருப்பது அந்த நேரத்தில் கண்ணில் படுகிறது. அவள் கூரையை நிமிர்ந்து பார்க்கிறாள். எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும், மலைச்சரிவில் வரும்போதே பெஞ்சு மரத்தில் அதிரும் என்று ஒருமுறை காட்டியிருக்கிறாள். அடுத்த கணம் மழை தகரத்தில் வந்து கொட்டியது.

கூடலூர் மழை தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்ல. ஆயிரம் வண்டி சரளைக் கல்லைக் கூரையில் கவிழ்த்த மாதிரி. பக்கத்து வகுப்புகளில் புத்தகங்கள் மூடியிருக்கும், மழை வந்தால் பாடம் நின்றுவிடும் இங்கே, யார் தொண்டையும் எட்டாது. சார், கல், என்று நான் கத்துகிறேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, முகத்தைச் சுளித்து, என்ன என்ன என்கிறார். நான் அவர் பையைக் காட்டுகிறேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடி, மரியாதையாக என்னிடம் நீட்டுகிறார். இல்லை என்று தலையாட்டுகிறேன். எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டுகிறார், முகத்தில் அவ்வளவு கவலை, இந்த அம்மாவுக்குத் தலைசுற்றுகிறது போலிருக்கிறது என்று. எனக்குச் சிரிப்பு வருகிறது, அழுகை வருகிறது. அப்போதுதான் மஞ்சள் ரிப்பன் எழுந்தது. யோகராணி நேராக வந்தாள், அவர் முன்னால் நின்றாள், உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அவர் எலுமிச்சம்பழத்தை அதில் வைத்தார். அவள் அதை என் மடியில் போட்டுவிட்டு மறுபடி நீட்டினாள். வகுப்பே பெஞ்சின்மேல் ஏறி நிற்காத குறை. அவர் பைக்குள் கையை விட்டுத் துழாவி, கைக்குட்டையை எடுத்து, பிறகு கல்லை எடுத்து, இதுவா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். இதுதான். அவள் அதை இரண்டு விரலில் ஏந்தி, வரிசைகளுக்கு நடுவே நடந்து, மேசையில் வைத்தாள். டொக் என்று கேட்டிருக்க வேண்டும். ஒருவருக்கும் கேட்கவில்லை, எல்லாரும் பார்த்தார்கள். அத்தனை கைகளும் ஒரே வீச்சில் எழுந்தன, மழைக்குக் கீழே இன்னொரு மழை கீழிருந்து மேலே போவதுபோல. கெம்பன் இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.

அந்தக் கல்லையும், அத்தனை கைகளையும், தன் கோட்டுப் பையையும் ஞானதுரையின் கண்கள் மாறி மாறிப் பார்த்தன, ஒவ்வொன்றாக அவருக்கு விளங்குவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், விடிவதைப் பார்ப்பது போல. பிறகு அந்தத் தடித்த விரல் மெல்ல எழுந்து யோகராணியைக் காட்டியது. அவள் கூரையைக் காட்டினாள். அட்டைகளிலிருந்து ஒன்றை உருவி நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள், ‘பிக் விண்ட், பிக் ரெயின்’, என் கையெழுத்து. அது போதாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையைப் படகாக்கி இதுதான் கப்பல் என்று காட்டிவிட்டு, அந்தக் கப்பலாகத் தானே மாறினாள். குனிந்தாள். காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். முகத்தைச் சுளித்து, என்ன என்ன என்று வாயசைத்தாள். அச்சு அசல் அதிகாரி, தொந்தி உட்பட. ஐயோ என்று சபூரா தலையில் கை வைத்தது தெரிந்தது. பிறகு ஞானதுரையின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அவர் சிரித்தார், பிள்ளைகள் சிரித்தார்கள், ஜன்னலுக்கு வெளியே நெற்றி மறைந்து பற்கள் தெரிந்தன, எங்கேயும் ஒரு சத்தமில்லை, மழை அத்தனை சிரிப்பையும் விழுங்கிக்கொண்டிருந்தது. யோகராணியும் தலையை அண்ணாந்து சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை. அவள் தொண்டையில் ஒரு கதவு மெல்லத் திறப்பதை, நடுவில் சிக்குவதை, சட்டென்று மேலே ஏறி நிற்பதை நான் கண்ணால் பார்த்தேன், காது அதை எங்கிருந்தோ தானாகக் கொண்டுவந்து சேர்த்தது. உதட்டில் விரல் வைத்துக் காட்ட அங்கே யாரும் இல்லை.

மழை விடும்வரை பாடம் நடந்தது. அதிகாரி கையாலேயே இன்னும் சில கேள்விகள் கேட்டார், மோசமான கைப்பேச்சு, கெம்பன் எழுந்து போய் அவர் விரலைத் திருத்தினான். ஒவ்வொரு முறையும் கல் அவரிடம் வந்தபோது எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நடந்துபோய் மேசையில் வைத்துவிட்டு வந்தார். ஒருமுறை தன் கேள்விக்குத் தானே முந்திக்கொண்டு பதில் காட்டிவிட, கல் இன்னும் வரவில்லை என்று பிஜு அவர் கையைப் பிடித்து இறக்கினான். கூரை ஓய்ந்ததும் வராந்தாவுக்குப் போனார். செல்வமலர் கூடை வாரை இறுக்கிப் பிடித்தாள். அவர் அந்தத் தனிப்பள்ளியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினார், பிறகு சொன்னார்: “இங்கயே படிக்கட்டும்மா.” செல்வமலர் மழை விட்டபின் குடையை விரித்தாள், தானே பார்த்துவிட்டு மடக்கினாள். சபூரா மட்டும் சும்மா இருப்பாளா. “சார், கிளம்புறதுக்கு முன்னாடி கோட்டுப் பையை ஒருதடவை பாத்துக்கங்க.” அவர் உண்மையாகவே கைவிட்டுப் பார்த்தார். காலியாக இருந்தது, எலுமிச்சம்பழம் என் மடியிலிருந்து உருண்டு பெஞ்சுக்கடியில் போயிருந்தது, அதை ஒருவரும் தேடவில்லை. சரிவில் இறங்கும்போது கால் வழுக்கியது, தேயிலைச் செடிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது, நான் பாடவில்லை, அக்காவோடு பேசிக்கொண்டே நடந்தேன், கையால், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

யோகராணி இப்போது குன்னூரில் ஒரு தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலையில் இருக்கிறாள்.